புதிய வடிவத்தை ஊருக்குக் காட்டும் முன்: டிசைன் பதிவு, படிப்படியாக

பனங்குருத்தை ஆறு இதழாக மடித்து, விரித்தால் பூவாகவும் மடக்கினால் தட்டையாகவும் ஆகிற ஒரு விளக்குக்கூடு செய்தேன். மடிப்பு சரியாக அமைய எட்டு மாதம் ஆயிற்று. முதல் விளக்கு எரிந்த இரவே படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டேன். ஐந்து வாரம் கழித்து டிசைன் பதிவுக்கு விண்ணப்பித்தேன். பதிவு அலுவலகத்தின் ஆய்வறிக்கை வந்தபோது, என் வடிவம் புதியதல்ல என்பதற்குச் சான்றாக நான் போட்ட அதே படத்தைக் காட்டியிருந்தார்கள். சட்டப்படி அது சரியான ஆட்சேபம்தான். அடுத்த தீபாவளிக்கு அதே விளக்கு பிளாஸ்டிக் ஓலையில் ஒரு கடை வாசலில் தொங்கியது. என்னால் அந்தக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை.

இரண்டாவது வடிவத்தை ஒழுங்காகப் பதிவு செய்தேன். ஏஜென்ட் வைக்கவில்லை, நானே செய்தேன். அப்போது தெரிந்துகொண்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். நாற்காலி, நகை, துணி, விளக்கு, பாத்திரம், பொம்மை என்று எதைப் புதிதாக வடிவமைப்பவராக இருந்தாலும் இது உங்களுக்கு உதவும். புகைப்படக்காரர்களுக்கும் ஓவியர்களுக்கும் முதல் படி முக்கியம்.

1. உங்களுக்கு வேண்டியது எந்த உரிமை என்று தெளிவாகுங்கள்

நம் பேச்சில் எல்லாமே ‘பேட்டன்ட்’தான். சட்டத்தில் அப்படி இல்லை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது காப்புரிமை, அதாவது பேட்டன்ட். அது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது டிசைன். ஓவியம், புகைப்படம், சிற்பம் போன்ற படைப்பு பதிப்புரிமை. கடையின் பெயரும் சின்னமும் வணிகக்குறி.

2000ஆம் ஆண்டு டிசைன் சட்டம் பாதுகாப்பது ஒரு பொருளின் வடிவம், அமைப்பு, கோலம், அலங்காரம், கோடு அல்லது நிறச் சேர்க்கை ஆகியவற்றை. கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடியதாக அது இருக்க வேண்டும். என் விளக்கு மடங்குகிற விதத்துக்கு டிசைன் பதிவு கிடைக்காது. விரிந்த நிலையில் அது காட்டும் உருவத்துக்குத்தான் கிடைக்கும்.

நீங்கள் எடுத்த புகைப்படத்துக்கும் வரைந்த ஓவியத்துக்கும் பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டு. புகைப்படத்துக்கு அதை எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். ஓவியத்துக்கும் அப்படியே, ஓவியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். நாளைக்குச் சான்று வேண்டும் என்று நினைத்தால் பதிப்புரிமை அலுவலகத்தில் ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டிப் பதியலாம். அந்தப் படைப்பு சரக்குகளோடு பயன்படக்கூடியது என்றால் கட்டணம் 2,000 ரூபாய், அதுபோன்ற வணிகக்குறி ஏற்கெனவே பதிவாகவில்லை என்று வணிகக்குறிப் பதிவாளரிடமிருந்து ஒரு தேடல் சான்றும் வாங்க வேண்டும். வாழ்த்து அட்டை, நாட்காட்டி, அஞ்சலட்டை, புத்தக அட்டை, லேபிள் இவற்றை டிசைனாகப் பதிய முடியாது. அவற்றுக்குப் பதிப்புரிமைதான் வழி.

கலைஞர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ‘நான் வரைந்த கோலம் என் பதிப்புரிமை, அதைத் துணியில் அச்சிட்டாலும் என்னுடையதுதான்’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். டிசைனாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதியாமல் விட்டு, அதைத் தாங்கிய பொருளை நீங்களோ உங்கள் அனுமதியோடு வேறொருவரோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உருவாக்கிவிட்டால், அந்த டிசைன் மீதான பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. கண்காட்சியில் மாட்டிய ஓவியம் ஓவியமாகவே இருக்கும். துணிக்காகவே போட்ட கோலம் ஐம்பத்தோராவது துணியில் கையைவிட்டுப் போய்விடலாம். எது எந்தப் பக்கம் என்பதில் நீதிமன்றங்கள் இன்றும் மல்லுக்கட்டுகின்றன. உற்பத்திக்குப் போகப்போகிறது என்று தெரிந்தால் முன்னதாகவே டிசைன் பதிவு போடுவது நல்லது.

2. விண்ணப்பம் போகும்வரை யாருக்கும் காட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். விண்ணப்ப நாளுக்கு முன் உலகில் எந்த நாட்டிலும், எந்த வழியிலும் அந்த வடிவம் வெளியாகியிருக்கக் கூடாது. வெளியிட்டவர் நீங்களாகவே இருந்தாலும் அது வெளியீடுதான். சமூக ஊடகப் பதிவு, வாட்ஸாப்பில் வாடிக்கையாளர்களுக்குப் போன கேட்லாக், சந்தையில் விற்ற ஒரே ஒரு மாதிரி, கல்லூரி இறுதியாண்டுக் கண்காட்சி எல்லாம் கணக்கில் வரும்.

இணையத்தில் அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுரைகளைப் படித்துவிட்டு ‘வெளியிட்ட பிறகும் ஓராண்டு அவகாசம் உண்டே’ என்று நம்பாதீர்கள். அது அவர்கள் சட்டம். இந்தியாவில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. விதிவிலக்குகள் மிகக் குறுகலானவை. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில், டிசைன் பதிவுக்குப் பொறுப்பான கட்டுப்பாட்டாளருக்கு முன்கூட்டியே படிவம் கொடுத்துவிட்டுக் காட்டினால், முதலில் காட்டிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். உங்கள் ஊர்க் கைவினைச் சந்தை அந்த அறிவிப்பில் இருக்கிறதா என்று கேட்காமல் இதை நம்பிக் கடை போடாதீர்கள். துணி டிசைனுக்கு, ரகசியமாகப் பெற்ற முதல் ஆர்டர் வெளியீடாகாது. நம்பிக்கையோடு ஒருவரிடம் காட்டி, அவர் நம்பிக்கைத் துரோகம் செய்து வெளியிட்டாலும் சட்டம் உங்களுக்கு இரக்கம் காட்டும். ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. அதனால் தச்சர், வார்ப்புப் பட்டறைக்காரர், புகைப்படக்காரர் யாரிடம் காட்டினாலும் ஒரு பக்க ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

பொருளைப் படம் எடுக்க வந்தவர், அழகாக வந்திருக்கிறதே என்று ஆசைப்பட்டுத் தன் பக்கத்தில் ஏற்றிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. யாரும் அவரிடம் சொல்லாததால் செய்கிறார்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? பதிவை அழித்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஆய்வாளர் கண்ணில் படாமல் சான்றிதழ் கிடைத்தாலும், பின்னால் யார் வேண்டுமானாலும் அந்தப் பழைய படத்தைக் காட்டி ரத்துக்கு மனுப்போடலாம். நீங்கள் வழக்குப் போட்டால் எதிராளியின் முதல் வாதமே அதுவாக இருக்கும். போன வடிவத்தை விட்டுவிடுங்கள். நான் ஆறு இதழை எட்டாக்கிப் பார்த்தேன், அந்த மாற்றம் போதாது. பழையதிலிருந்து கணிசமாக வேறுபட வேண்டும். கடைசியில் இதழே இல்லாமல், ஓலையைத் திருகி ஏறும் சுருளாக்கி வேறொரு கூடு செய்தேன். பதிவானது அதுதான்.

3. தேடுங்கள்

இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் பதிவான டிசைன்களைக் கட்டணமில்லாமல் தேடலாம். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் டிசைன் தரவுத்தளமும், ஐரோப்பிய அலுவலகத்தின் டிசைன்வியூவும் இலவசம். ஆனால் உங்கள் வடிவத்தின் படத்தை இணையத் தேடல் கருவிகளில் ஏற்றித் தேடாதீர்கள். சொற்களால் தேடி, வரும் படங்களை நீங்களே கண்ணால் ஒப்பிடுங்கள். ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். ஒத்த வடிவங்களைச் சேமித்து வையுங்கள், எட்டாம் படியில் தேவைப்படும்.

4. யார் பெயரில்?

காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக டிசைன் செய்து கொடுத்தால், உரிமையாளர் அவர்தான். சம்பளத்துக்கு வேலை செய்பவர் செய்த டிசைனுக்கும் இது பொருந்தும். ஃப்ரீலான்ஸராக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். புகைப்படத்திலும் இப்படித்தான்: ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர். பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பாரம்பரியக் கைவினையோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. மணப்பாட்டுப் பக்கம் எனக்கு ஓலை முடைந்து தரும் அக்கா கேட்டார்: “ஏம்மா, இந்தப் பின்னல் எங்க அம்மா காலத்துலயே இருக்கு. இதை உன் பேர்ல எழுதிக்கிட்டா நாங்க முடையக் கூடாதா?” அந்த அச்சம் நியாயமானது. ஊரறிந்த பின்னல் யார் பெயரிலும் பதிவாகக் கூடாது, புதியதல்ல என்பதால் ரத்தாகவும் செய்யும். நான் பதிந்தது சுருள் கூட்டின் மொத்த உருவத்தை. பின்னல் அதில் என் உரிமைக்கு உட்பட்டதல்ல என்று அவரிடம் சொன்னேன், தாளிலும் எழுதிக் கொடுத்தேன். வடிவத்தையே உங்களோடு சேர்ந்து யோசித்தவர் கைவினைஞர் என்றால், அவர் பெயரையும் விண்ணப்பதாரராகச் சேருங்கள். கூட்டாக விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

5. வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

பொருள்கள் லொக்கார்னோ என்ற பன்னாட்டு வகைப்பாட்டின்படி பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆடை 02, துணி 05, அறைகலன் 06, வீட்டுச் சாமான் 07, நகை 11, புகைப்படக் கருவிகள் 16, விளக்கு 26. ஒவ்வொன்றுக்கும் உள்வகுப்பு உண்டு: நாற்காலிக்கு 06-01, நகைக்கு 11-01, விளக்குக்கும் விளக்குக்கூட்டுக்கும் 26-05.

ஒரு விண்ணப்பம் ஒரு வகுப்புக்குத்தான். அதே கோலத்தைத் துணியிலும் பாத்திரத்திலும் போடுவதாக இருந்தால் இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம். பொருளின் பெயரை எளிமையாக எழுதுங்கள். ‘விளக்குக்கூடு’ போதும், ‘புதுமையான சுற்றுச்சூழல் நட்பு அலங்கார விளக்கு’ என்றால் திருத்தச் சொல்வார்கள். ஒரு பொருளின் பகுதியை மட்டும் பதிய வேண்டுமென்றால், அந்தப் பகுதி தனியாகச் செய்து தனியாக விற்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

6. படங்கள்: விண்ணப்பத்தின் உயிர்

உங்கள் உரிமை எது என்று நாளைக்கு நீதிபதி பார்க்கப்போவது இந்தப் படங்களைத்தான். இதற்கு மூன்று நாள் ஒதுக்குங்கள் என்று மனதாரச் சொல்கிறேன். நான் முதல் முறை ஒரு மாலையில் முடித்தேன். ஆட்சேபங்களில் பாதி படங்களைப் பற்றியவை.

முப்பரிமாணப் பொருளுக்கு ஏழு கோணம்: முன், பின், இடம், வலம், மேல், கீழ், ஒரு சாய்வுப் பார்வை. ஒவ்வொன்றின் கீழும் அது எந்தப் பார்வை என்று எழுத வேண்டும். கையால் வரைந்த கோட்டுப்படம், கணினிப் படம், புகைப்படம் எதுவும் ஏற்கப்படும். ஆனால் எல்லாப் பார்வையும் ஒரே பொருளை, ஒரே மாதிரி காட்ட வேண்டும். முன்பார்வை புகைப்படமும் மேல்பார்வை கோட்டுப்படமுமாகக் கலக்காதீர்கள்.

கைவினைப் பொருள் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. நான் இரண்டு வெவ்வேறு கூடுகளைப் படம் எடுத்திருந்தேன். ஓலையின் அகலம் கொஞ்சம் மாறியிருந்தது, சுருளின் சுற்றும் அரை விரல் தள்ளியிருந்தது. பார்வைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. ஒரே மாதிரியை, ஒரே இடத்தில், கேமரா முக்காலியை நகர்த்தாமல், பொருளை மட்டும் திருப்பித் திருப்பி எடுங்கள். அகல லென்ஸ் வேண்டாம், விளிம்பு வளையும். தள்ளி நின்று நீண்ட லென்ஸில் எடுங்கள். பின்னணி வெறும் வெள்ளை அல்லது சாம்பல். நிழல் விழாமல் இருபுறமும் மெல்லிய துணி வழியாக ஒளி விடுங்கள். கை, செடி, மேசை, அளவுகோல் எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. கீழ்ப்பார்வைக்கு நான் கண்ணாடிப் பலகை மேல் கூட்டை வைத்து அடியிலிருந்து எடுத்தேன்.

படத்தில் அளவுகள், அம்புக்குறி, பகுதி எண்கள் போடக் கூடாது. பொருளில் உங்கள் பிராண்டுப் பெயர் இருந்தால் படம் எடுக்கும் முன் கழற்றிவிடுங்கள், அல்லது எழுத்துகளுக்கும் வணிகக்குறிக்கும் உரிமை கோரவில்லை என்று எழுதுங்கள். துணியில் திரும்பத் திரும்ப வரும் கோலம் என்றால், முழுக் கோலமும் அது மறுபடி தொடங்குகிற அளவும் தெரிய வேண்டும்.

தாள் ஏ4. இடது மேல் மூலையில் விண்ணப்பதாரர் பெயர், வலது மேல் மூலையில் மொத்தத் தாள்களும் இந்தத் தாளின் எண்ணும், வலது கீழ் மூலையில் கையெழுத்தும் பெயரும். நேரில் கொடுத்தால் எத்தனை பிரதி வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தாளிலும் புதுமைக் கூற்று ஒன்று வேண்டும். அதற்கு வழக்கமான வாசகம் இருக்கிறது: ‘படத்தில் காட்டியுள்ளபடி விளக்குக்கூட்டின் வடிவத்திலும் அமைப்பிலும் புதுமை அடங்கியுள்ளது’ என்ற பொருளில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். தமிழில் ஏற்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். அதன் கீழே, இயங்குமுறைக்கு உரிமை கோரவில்லை என்ற மறுப்புக் கூற்று. புதுமைக் கூற்றில் நிறத்தைச் சேர்க்கும் முன் யோசியுங்கள். நிறத்தோடு சேர்த்துக் கேட்டால், நிறத்தை மாற்றி நகல் செய்பவர் தப்பிக்கப் பார்ப்பார். வடிவம்தான் உங்கள் பலம் என்றால் வடிவத்தை மட்டும் கேளுங்கள்.

7. விண்ணப்பமும் செலவும்

படிவம் 1 நிரப்ப வேண்டும்: பெயர், நாட்டுரிமை, முகவரி, வகுப்பு, பொருளின் பெயர். தனிநபர், அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் இவர்களுக்கு ஒரு விண்ணப்பத்துக்கு 1,000 ரூபாய். மற்றவர்களுக்கு 4,000. 2021 திருத்தத்துக்குப் பின் இந்தச் சலுகை இப்படி இருக்கிறது. ஸ்டார்ட்அப்பும் சிறு நிறுவனமும் படிவம் 24ஐச் சான்றோடு சேர்க்க வேண்டும். சிறு நிறுவனத்துக்கு உத்யம் எனப்படும் சிறுதொழில் பதிவின் சான்று போதும். ஏஜென்ட் வைத்தால் படிவம் 21இல் அதிகாரம் கொடுக்க வேண்டும். அவரிடம் அரசுக் கட்டணத்தையும் அவர் கூலியையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஆட்சேபத்துக்குப் பதில் எழுதுவது அந்தக் கூலியில் அடக்கமா என்றும் கேளுங்கள்.

இணையத்தில் விண்ணப்பிக்க டிஜிட்டல் கையெழுத்துச் சான்று வாங்கினேன். அதைச் சேமித்துவைக்கும் யூஎஸ்பி டோக்கனோடு சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. நேரில் கொடுக்க விரும்பினால் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் வாங்கிக்கொள்வார்கள். ஆய்வு நடப்பது கொல்கத்தாவில் உள்ள டிசைன் பிரிவில். ரசீதில் உள்ள தேதியைப் பத்திரமாக வையுங்கள். சான்றிதழ் எப்போது வந்தாலும் பதிவு அந்தத் தேதியிலிருந்தே கணக்காகும். அன்று மாலையே நான் சுருள் விளக்கின் படத்தை வெளியிட்டேன்.

வெளிநாட்டிலும் விற்கப்போகிறீர்கள் என்றால் அந்தத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் அந்தந்த நாட்டில் விண்ணப்பித்தால் இந்தியத் தேதியையே முன்னுரிமையாகக் கோரலாம். ஒரு நாள் தாண்டினாலும் போயிற்று.

8. ஆய்வறிக்கை வந்தால்

பயப்படாதீர்கள், பெரும்பாலும் வரும். படத்தில் திருத்தம், பொருளின் பெயரில் திருத்தம், வகுப்பு மாற்றம் போன்றவை சுலபமானவை. கேட்டபடி திருத்திக் கொடுங்கள். ஆனால் திருத்தம் என்ற பெயரில் வடிவத்தை மாற்ற முடியாது. முன்பே இதுபோல் ஒன்று உண்டு என்று படம் காட்டினால் வேலை அதிகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணுக்கு எங்கே வேறுபடுகிறது என்று பார்வை பார்வையாக எழுதுங்கள். எவ்வளவு உழைத்தேன், எவ்வளவு பயனுள்ளது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. தேவைப்பட்டால் நேர்விசாரணை கேளுங்கள்.

எல்லா ஆட்சேபமும் விண்ணப்ப நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தீர வேண்டும். கணக்கு அறிக்கை வந்த நாளிலிருந்து அல்ல என்பதைக் கவனியுங்கள். முடியாவிட்டால் காலம் முடியும் முன்பே கட்டணத்தோடு மனுப்போட்டு, அதிகபட்சம் 3 மாதம் நீட்டிக்கலாம். அதற்கும் மேல் போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியை வாரம் ஒருமுறை பாருங்கள். எனக்கு அறிக்கை அங்கேதான் கிடந்தது. பதினெட்டு நாள் வீணாயின.

9. சான்றிதழ் வந்த பின்

ஏற்கப்பட்டதும் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும், சான்றிதழும் வரும். உரிமை 10 ஆண்டு. அது முடியும் முன் தனிநபர் படிவம் 3இல் 2,000 ரூபாய் கட்டினால் இன்னும் 5 ஆண்டு. மொத்தம் 15, அதற்கு மேல் இல்லை. மறந்து தவறவிட்டால் ஓராண்டுக்குள் மீட்க மனுப்போடலாம்.

விற்கும் பொருளில் ‘ரெஜிஸ்டர்டு’ என்ற சொல்லையோ அதன் சுருக்கத்தையோ பதிவு எண்ணோடு குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டால் இழப்பீடு வாங்குவது கடினமாகிவிடும். அச்சிட்ட, நெய்த துணி டிசைன்களுக்கு இதில் விலக்கு உண்டு, கைக்குட்டைக்கு மட்டும் இல்லை. நான் ஓலையில் குறிக்க முடியாமல் அடியில் ஒரு சிறு மரவளையம் வைத்து அதில் சூடு போட்டேன்.

யாராவது நகல் எடுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குக் குறையாத நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இரண்டு வழி. ஒன்று, சட்டம் சொல்லும் நிலையான தொகை: ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 வரை. மற்றது, நட்ட ஈடும் தடையாணையும் கேட்டு வழக்கு. நகல் செய்பவரை நிறுத்துவதுதான் நோக்கமென்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். வழக்குக்கு முன் வழக்கறிஞர் நோட்டீஸ் ஒன்று, சான்றிதழின் நகலோடும் அந்த ஏழு படங்களோடும் அனுப்புங்கள். போன கார்த்திகைக்கு என் சுருள் விளக்கு ஒரு மொத்த வியாபாரியின் பட்டியலில் வந்தது. நோட்டீஸ் போன ஒன்பதாம் நாள் அதை எடுத்துவிட்டார்.